மன்னார்க் கடலில் கப்பலைக் கட்டுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள்

மன்னார்க் கடலுக்கு அடியில் எரிவாயு இருக்கிறது என்ற செய்தி புதியதல்ல. 2011 ஆம் ஆண்டு கெய்ர்ன் நிறுவனம் கற்பிட்டிக்கு அப்பால் உள்ள ஆழ்கடலில் துளையிட்டு, டொராடோ, பரகுடா என்று பெயரிடப்பட்ட இரண்டு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டறிந்தது. 2015 இல் அந்த நிறுவனம் விலகிச் சென்றுவிட்டது. அதன் பின்னர் ஆட்சிகள் மாறின, 2021 இல் புதிய பெற்றோலிய வளங்கள் சட்டம் வந்தது. ஆனால் முதலீட்டாளரைத் தேடும் பேச்சு ஓயவில்லை. மறுகரையில் இந்திய ஒன்றிய அரசும் மன்னார் வளைகுடாவில் ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பை 2025 பெப்ரவரியில் ஏலத்துக்கு அறிவித்தது.

எவ்வளவு எரிவாயு உண்டு, எத்தனை பில்லியன் டொலர் வரும் என்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அதைக் கரைக்குக் கொண்டுவரும் கப்பல்களை எங்கே, எப்படிக் கட்டி வைப்பார்கள் என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. விடத்தல்தீவு முதல் சிலாவத்துறை வரையான கடற்றொழிலாளர்களின் வாழ்வாதாரத்தை நேரடியாகத் தொடப்போவது இந்த இரண்டாவது கேள்விதான்.

பெரிய எண்ணெய்க் கப்பல் ஒன்று முழுச் சுமையோடு நிற்க 20 மீற்றருக்கு மேல் ஆழம் வேண்டும். பெரும்பாலான துறைமுகங்களில் அந்த ஆழம் இல்லை. எனவே கரையிலிருந்து பல கிலோமீற்றர் தள்ளி, கடலில் ஒரு பெரிய மிதவையை இறக்கி, அதனைப் பல சங்கிலிகளால் கடலடியோடு பிணைத்து வைப்பார்கள். கப்பலின் முன்பக்கத்தைத் தடித்த வடத்தால் மிதவையோடு கட்டுவார்கள். காற்றும் நீரோட்டமும் திரும்பத் திரும்பக் கப்பலும் மிதவையைச் சுற்றித் திரும்பும். மிதக்கும் குழாய் வழியாக எண்ணெய் மிதவைக்கு வந்து, அங்கிருந்து கடலடிக் குழாயில் இறங்கிக் கரைக்குப் போகும். கொழும்புக்கு அப்பாலும் இப்படியொரு மிதவையில் கட்டித்தான் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையத்துக்கான மசகு எண்ணெயை இறக்குகிறார்கள்.

1,300 மீற்றருக்கும் அதிக ஆழமுள்ள டொராடோ போன்ற இடத்தில் வேலை இன்னும் பெரியது. எரிவாயுவைக் கடலடிக் குழாயில் நேரே கரைக்கு அனுப்பலாம். அல்லது மிதக்கும் உற்பத்திக் கப்பலை ஆண்டுக்கணக்கில் ஓரிடத்திலேயே நிறுத்தி வைக்கலாம். அப்படிப்பட்ட கப்பலைச் சங்கிலியும் செயற்கை நார் வடமும் சேர்த்துக் கட்டுவார்கள். அவற்றின் நங்கூரங்கள் கப்பலிலிருந்து கிலோமீற்றர் கணக்கில் விலகிக் கடலடியில் பதிந்திருக்கும். இத்தகைய அமைப்புகளைச் சுற்றி 500 மீற்றர் வரை பாதுகாப்பு வலயம் அறிவிக்கக் கடற் சட்டம் தொடர்பான ஐ.நா. சாசனம் இடமளிக்கிறது.

இங்கே ஒரு வதந்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். விடத்தல்தீவுக்கு முன்னால் பெரிய எண்ணெய்க் கப்பல் வந்து நிற்கப்போவதில்லை. அந்த ஊர் பார்ப்பது பாக்கு நீரிணைப் பக்கத்துக் கடலை. அது ஆழம் குறைந்த கடல். எரிவாயுப் படுகை இருப்பதோ மன்னார்த் தீவுக்குத் தெற்கே, வளைகுடாப் பக்கம். ஆனால் கப்பல் வராது என்பதால் பாதிப்பும் வராது என்று சொல்லமுடியாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வளைகுடா நீர் இராமர் அணைத் திட்டுகளின் இடைவெளிகள் ஊடாக வடக்கே நகரும். எண்ணெய் கசிந்தால் அதுவும் அந்த வழியே வரும். விடத்தல்தீவின் கண்டல் காடுகளில்தான் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கின்றன. கண்டல் வேரில் படிந்த எண்ணெயை மணலில் படிந்ததைப்போல அள்ளி எடுக்கவும் முடியாது.

கசிவு கற்பனையான அச்சமல்ல. 2018 செப்டெம்பரில் முத்துராஜவெல முனையத்துக்கு எரிபொருள் கொண்டு செல்லும் குழாய் கசிந்து, திக்கோவிட்டவிலிருந்து உஸ்வெட்டகெய்யாவ வரை கடற்கரையில் எண்ணெய் படிந்தது. 2023 மார்ச்சில் நாகப்பட்டினம் மாவட்டத்தின் பட்டினச்சேரியில் எண்ணெய்க் குழாய் உடைந்தபோது, குழாயையே அகற்ற வேண்டும் என்று மீனவக் கிராமங்கள் தொழிலை நிறுத்திப் போராடின.

ஆந்திராவிலிருந்து நமக்கு வேறொரு பாடம் கிடைக்கிறது. அங்கே ஓ.என்.ஜி.சி. கடலடிக் குழாய் பதித்த வேலையால் தொழில் இழந்த 23,458 மீனவக் குடும்பங்களுக்கு, 2023 நவம்பரில் சுமார் 161 கோடி 86 இலட்சம் இந்திய ரூபாய் நட்டஈடு விடுவிக்கப்பட்டது. மாதம் 11,500 ரூபாய் வீதம் ஆறு மாதக் கணக்கு. தொகை போதுமா என்பது வேறு விடயம். யார் யார் பாதிக்கப்பட்டவர் என்ற பட்டியல் கையில் இருந்ததால்தான் அந்தப் பணம் வீடு வந்து சேர்ந்தது.

நமது கரையில் அந்தப் பட்டியல் எப்படி இருக்கும்? படகு சம்மாட்டியின் பெயரில் பதிவாகியிருக்கும். அதில் கூலிக்குப் போகிறவரின் பெயர் இருக்காது. களப்பில் கையால் இறால் பிடிப்பவர்கள், நண்டு பிரிக்கும் பெண்கள், வலையிலிருந்து மீன் கழற்றுபவர்கள் எந்தப் பதிவிலும் இல்லாமல் போகலாம். 1990 இல் வெளியேற்றப்பட்ட விடத்தல்தீவு முஸ்லிம் குடும்பங்களும், 2008 இல் யுத்தம் ஊரைத் தாண்டியபோது வன்னிக்குள் ஒதுங்கிய தமிழ்க் குடும்பங்களும் படகையும் வலையையும் பத்திரங்களையும் ஒன்றாகவே இழந்தவர்கள். பதிவில் இல்லாதவருக்கு நட்டஈடும் இல்லை.

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 இல் கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்தபோது தீப்பிடித்தது. 100 கோடி டொலர் நட்டஈடு செலுத்தவேண்டும் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2025 ஜூலையில்தான் வந்தது. தலைநகரின் கண்முன்னே நடந்ததற்கே நான்கு வருடங்கள் சென்றன.

முடிவுகள் நம்மைக் கேட்டு எடுக்கப்படும் என்று நம்பியிருக்கவும் முடியாது. 2016 இல் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்ட 29,180 ஹெக்டேயர் விடத்தல்தீவுப் பிரதேசத்திலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவித்து, 2024 மே மாதம் வர்த்தமானி வந்தது. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றதால்தான் அது நின்றது.

ஆகவே ஒப்பந்தம் கைச்சாத்தாவதற்கு முன்பே கேட்கவேண்டியவை சில உண்டு. குழாய் எந்த வழியாக வந்து எந்தக் கரையில் ஏறும்? பாதுகாப்பு வலயத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் தொழில் செய்ய விடமாட்டார்கள், எந்த மாதங்களில்? கசிவு ஏற்பட்டால் எண்ணெயைத் தடுக்கும் மிதவைத் தடுப்புகளும் படகுகளும் மன்னாரிலேயே இருக்குமா, கொழும்பிலிருந்து வரவேண்டுமா? வலயத்தைக் காவல் செய்வது யார்? யுத்த காலத்தில் கடற்படையின் பாஸ் இல்லாமல் கடலுக்கு இறங்க முடியாதிருந்த மக்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வியின் கனம் தெரியும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் பொதுமக்கள் கருத்துச் சொல்வதற்கு 30 நாட்களே கிடைக்கும். அந்த 30 நாட்களுக்குள் ஆதாரம் திரட்ட முடியாது. கடற்றொழில் சங்கங்கள் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. எந்தப் பாடு, எந்த மாதம், என்ன மீன், எத்தனை கிலோ, யார் யார் போனார்கள் என்பதை ஒவ்வொரு நாளும் எழுதி வைப்பது. கூலிக்காரர், பெண்கள், மீளக்குடியேறியவர் எல்லோருடைய பெயரும் அதில் வரவேண்டும். நாளை ஒரு கப்பல் வந்து நிற்கும்போது, இந்தக் கடல் எங்களுடைய தொழிலிடம் என்று காட்ட அந்தக் கொப்பி இருக்கவேண்டும்.