விதைப்பூண்டும் வைரஸும்

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷமே. ஆனால் பெயரைக் காத்தால் போதுமா? பூம்பாறையிலும் மன்னவனூரிலும் குடியானவர் நடுகிற விதைப்பூண்டையன்றோ முதலில் காக்க வேண்டும்!

பூண்டுக்கு நெல்லைப்போல் விதை விதைப்பதில்லை, பல்லையே நடுகிறார்கள். ஆதலின் தாய்ப்பூண்டில் ஒருமுறை புகுந்த வைரஸ், வருஷந்தோறும் பல்லோடு பல்லாகத் தொடர்ந்து வருகிறது. ஒரே செடியில் பல வைரஸ்கள் குடியிருப்பதும் சகஜம். வெங்காய மஞ்சள் குட்டை வைரஸை அசுவினி பரப்புகிறது. அல்லெக்ஸி இனத்தைப் பரப்புவதோ வெறுங்கண்ணுக்குப் புலப்படாத சிலந்திப்பேன். மஞ்சட்கோடு விழுந்த இலையை மட்டும் பார்த்து, இன்ன வைரஸ் என்று தீர்மானித்தல் இயலாது. சில வைரஸ்கள் தனித்திருக்கையில் அடையாளமே காட்டுவதில்லை. எதிரி இன்னாரென்றறியாமல் வழக்குத் தொடுக்கும் வக்கீலை நாம் கண்டதில்லை.

வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் படித்தறிவதே வழி. 1993-ல் ஜப்பானிய சாஸ்திரிகள் அவ்வாறு படித்தபோது, அதுவரை அறியப்படாத பூண்டு வைரஸ்கள் பல வெளிப்பட்டன. இது வெறும் ஏட்டுக் கல்வியன்று. மருந்தடித்து வைரஸை நீக்க முடியாது. குருத்து நுனியைத் திசு வளர்ப்பில் வளர்த்துத் தூய செடி பெறலாம். அது தூயதா என்பதைச் சொல்ல இப்பரிசோதனை வேண்டும். திறந்த வயலில் விட்டால் அதையும் மீண்டும் நோய் பற்றும்.

ஆகவே மலைப்பூண்டைப் பரிசோதித்து, வலைக்கூடத்தில் பெருக்கி, பரிசோதனைச் சீட்டுடன் நியாய விலைக்குக் குடியானவருக்கு வழங்கும் பொறுப்பை சர்க்கார் ஏற்கவேண்டுமென வற்புறுத்துகிறோம்.