சட்டத்தின் வாயிலால் நுழைந்த சர்வாதிகாரம்

ஹிட்லர் ஜேர்மனியின் ஆட்சியைப் பலாத்காரத்தால் பறித்தான் என்று எண்ணுவோர் இன்றும் பலர். 1923ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் அவ்வாறு பறிக்க அவன் முயன்றதுண்டு. முயற்சி மறுநாளே முறிந்தது, சிறைவாசமே மிஞ்சியது. அரசை உடைத்துப் புகுவதிலும் பார்க்க அரசின் வாயிலாலேயே புகுவது எளிது என்னும் பாடத்தை அவன் அன்று கற்றான்.

அந்த வாயிலைத் திறந்து விட்டவர் யார்? ஜேர்மன் மக்களிற் பெரும்பான்மையோர் அல்லர். வேலையற்றோர் அறுபது இலட்சமாய்ப் பெருகி நாடு தத்தளித்த 1932ஆம் ஆண்டிற்கூட, நவம்பர்த் தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது நூற்றுக்கு 33 வாக்குகளே, ஆசனங்கள் 196. சமூக ஜனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்து 221 ஆசனங்கள் பெற்றிருந்தன. ஆயின், அவ்விரு கட்சிகளும் ஒன்றையொன்று முதற் பகையாய்க் கருதி மோதிக்கொண்டன. மறுபுறத்தில், முன்னாட் பிரதமர் பாப்பனும் அவரைச் சார்ந்த பழமைவாதிகளும், ஹிட்லரைப் பதவியில் இருத்தித் தாமே ஆட்டுவிக்கலாம் என்று மனப்பால் குடித்தனர். 1933 ஜனவரி 30ஆம் திகதி ஜனாதிபதி ஹிண்டன்பேர்க் முறைப்படி அவனைப் பிரதமராக நியமித்தார். மந்திரிசபையில் அவனோடு சேர்த்து நாஜிகள் மூவரே. அந்த மூவர் போதுமானவராயினர்.

பெப்ரவரி 27ஆம் திகதி இரவு பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே, அரசியல் யாப்பின் 48ஆம் பிரிவின்கீழ் அவசரகாலக் கட்டளையொன்று பிறந்தது. ஆள் சுதந்திரம், பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கூட்டங் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, கடிதங்களின் அந்தரங்கம், வீட்டின் காவல், சொத்துரிமை யாவும் "மறு அறிவித்தல் வரை" நிறுத்தப்பட்டன. மறு அறிவித்தல் வரவேயில்லை. 1945இல் பேர்லின் வீழும் வரை அக் கட்டளை அமுலில் இருந்தது. முதலிற் சிறை சென்றோர் கம்யூனிஸ்டுகள். அவர்களை வெறுத்தோர் பலர். ஆதலின் வாய் திறந்தோர் சிலர்.

மார்ச் 22ஆம் திகதி டாக்கவ் தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. அடுத்த நாள், மந்திரிசபையே சட்டம் இயற்றலாம், அச்சட்டம் யாப்புக்கு முரணாகவும் இருக்கலாம் என்னும் மசோதா பாராளுமன்றத்தின் முன் வந்தது. 81 கம்யூனிஸ்ட் அங்கத்தவர்களில் ஒருவரும் சபைக்கு வர இயலவில்லை. நாஜிச் சேனையினர் மண்டபத்தில் நிரம்பி நின்றனர். கத்தோலிக்கரின் மத்திய கட்சி, வாய்வாக்குறுதிகளை நம்பி ஆதரித்தது. தாராண்மைவாதிகள் ஐவரும் ஆதரித்தனர். அவருள் ஒருவரான தியோடர் ஹொய்ஸ் 1949இல் மேற்கு ஜேர்மனியின் முதல் ஜனாதிபதியானவர். தீயோர் அல்லர் இவர்கள். இத்தோடு ஆபத்துத் தணியும் என்று எண்ணியவர்கள். சார்பாக 444, எதிராக 94. ஜூலை 5ஆம் திகதி மத்திய கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஜூலை 14 முதல் நாஜிக் கட்சியன்றி வேறு கட்சி இருத்தலே குற்றமாயிற்று.

சமூகமும் இவ்வாறே விழுங்கப்பட்டது. ஏப்பிரல் 7ஆம் திகதிச் சட்டங்கள் யூதரை அரசாங்க உத்தியோகத்திலிருந்தும் நியாயவாதத் தொழிலிலிருந்தும் அகற்றத் தொடங்கின. மே 1ஆம் திகதியை விடுமுறையாக்கித் தொழிலாளரைக் கொண்டாட வைத்த அரசு, மறுநாட் காலையில் தொழிற்சங்கப் பணிமனைகளைக் கைப்பற்றியது. ஒக்டோபரில் பத்திராதிபர் சட்டம் வந்தது. கெஸ்டாப்போ என்னும் இரகசியப் பொலிசாரோ தொகையிற் பெருகியவர் அல்லர். அண்டை வீட்டான் எழுதும் முறைப்பாடே அவர்களுக்குக் கண்ணுங் காதுமாயிற்று.

சட்டம் பயின்றவன் என்ற முறையில் என் நெஞ்சை உறுத்துவது நீதிமன்றங்களின் கதையே. பாராளுமன்றத்துக்குத் தீயிட்டதாகக் குற்றஞ் சாட்டப்பட்டவன் வான் டெர் லூப என்னும் ஒல்லாந்து இளைஞன். தீப்பற்றிய இரவில் அக் குற்றத்துக்கு மரண தண்டனை இல்லை. மார்ச் 29இல் பின்னோக்கிச் செல்லும் சட்டமொன்றை இயற்றினர். லீப்சிக் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. 1934 ஜனவரியில் அவன் தலை துண்டிக்கப்பட்டது. அதே வழக்கில் டிமித்ரோவ் உட்பட நால்வரை அந் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குத் தண்டனையாக, தேசத்துரோக வழக்குகள் அதனிடமிருந்து பறிக்கப்பட்டு "மக்கள் நீதிமன்றம்" என்ற புதிய சபைக்கு மாற்றப்பட்டன. 1934 ஜூன் 30 தொடங்கி மூன்று நாட்களில், முன்னாட் பிரதமர் ஷ்லைகர் உள்ளிட்ட எண்பதுக்கு மேற்பட்டோர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். ஜூலை 3ஆம் திகதி, அக் கொலைகள் சட்டபூர்வமானவை என்று ஒரே வாக்கியத்தில் சட்டம் இயற்றினர். அதற்கு நியாயங் கற்பித்துக் கட்டுரை வரைந்தவர் பிரசித்தி பெற்ற சட்டப் பேராசிரியர் காள் ஷ்மித். 1947இல் நூரன்பேர்க்கில் குற்றவாளிக் கூண்டில் நின்ற நீதிபதிகளும், நாட்டின் சட்டத்தையே அமுல் செய்தோம் என்றனர்.

இதுவே இவ் வரலாறு தரும் எச்சரிக்கை. "இது சட்டப்படி செல்லுமா?" என்ற கேள்வியோடு நின்றுவிடும் நாடு ஏமாறும். இச் சட்டம் யாருடைய உரிமையைப் பறிக்கிறது, எந்நாளில் முடிகிறது, எந்த நீதிமன்றம் இதனை விசாரிக்கலாம் என்றுங் கேட்டல் வேண்டும். பறிகொடுப்பவன் நமக்குப் பிடிக்காதவனாயின், இன்னும் உரத்துக் கேட்டல் வேண்டும்.

அந்த 94 பேரின் சார்பில், நாஜிச் சேனையினரின் முன்னிலையில், மசோதாவை எதிர்த்துப் பேசியவர் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஒட்டோ வெல்ஸ். பின்னர் நாடு விட்டு அகன்று, 1939இல் பாரிஸ் நகரில் அவர் மறைந்தார். வாக்கெடுப்பில் அவர் தோற்றது உண்மை. ஆயினும் அன்று அந்தச் சபையில் யாப்பின் பக்கம் நின்றவர்கள் அவரும் அவர் தோழருமே.