கண்ணில் படாத கவசம்

ரேடார் அலையைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சிக்கொள்ளும் துணி ஒன்றைக் கான்பூர் ஐ.ஐ.டி. 2024 நவம்பரில் அறிமுகம் செய்தது. 'அனாலக்ஷ்யா' என்று பெயரிடப்பட்ட அத்துணியைப் போர்த்திய தளவாடத்தை ரேடார் செயற்கைக்கோள்கள் படம் பிடிப்பது கடினம் என்கின்றனர் அதை உருவாக்கிய பேராசிரியர்கள்.

இதில் மாயம் ஏதுமில்லை. 10 கிகாஹெர்ட்ஸ் ரேடார் அலையின் நீளம் 3 சென்டிமீட்டர். அதைவிடச் சிறிய மின்கடத்திக் கோலங்களை ஒரு பரப்பில் வரிசையாக அமைத்தால், எந்த அலையை அனுமதிப்பது, எதைத் தடுப்பது, எதை உறிஞ்சுவது என்பதைக் கோலத்தின் அளவும் இடைவெளியும் தீர்மானிக்கும். ரப்பர் போன்று நீளும் தாளில் அதே கோலத்தைப் பதித்தால், இழுக்க இழுக்க இடைவெளி மாறும். அது கட்டுப்படுத்தும் அலைவரிசையும் மாறும். தேவைக்கேற்ப மாறும் இத்தகைய பரப்புகளில்தான் உலக ஆய்வுக்கூடங்கள் இன்று முனைந்துள்ளன.

இத்துறை இந்தியாவுக்குப் புதிதன்று. 1898-லேயே கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், முறுக்கிய சணலின் வழியே நுண்ணலையைச் செலுத்தி, அதன் அதிர்வுத் தளம் திரும்புவதை நிரூபித்தார். ஒரு நூற்றாண்டு கழித்து அத்துறை வேகம் பெற்றதோ பிரிட்டனிலும் அமெரிக்காவிலும்.

அதே கதை மீண்டும் நிகழக் கூடாது. கான்பூர் துணிக்குக் காப்புரிமை கோரப்பட்டது 2018-ல். 2019-ல் தொடங்கிய சோதனைகளைக் கடந்து அறிமுகமாக 2024 ஆகிவிட்டது. பாதுகாப்பு ஆய்வு நிதியில் 25 சதவீதம் தொழில் துறைக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்படும் என்று 2022-23 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2023-ல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் நிறைவேறியபோது ஐந்தாண்டுகளுக்கு ரூ. 50,000 கோடி என்றனர், அதில் ரூ. 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டியது. தனியார் ஆய்வுக்காக ரூ. 1 லட்சம் கோடி திட்டத்துக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால், 2020-21 கணக்கின்படி நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஆய்வுக்குச் செலவானது 0.64 சதவீதம் மட்டுமே.

நிதி மட்டும் போதாது. போர்க்களத் துணியை வாங்கக்கூடிய ஒரே வாடிக்கையாளர் அரசு. கொள்முதல் ஆணை தாமதமானால், கடன் பெற்றுத் தொழில் தொடங்கும் சிறு நிறுவனம் தாக்குப்பிடிக்க இயலாது.

எனவே, 25 சதவீத ஒதுக்கீட்டில் எவ்வளவு செலவானது, சோதனைக்கும் கொள்முதலுக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கழிகின்றன என்பதைப் பாதுகாப்பு அமைச்சகம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் தெரிவிக்க வேண்டும். தளவாடங்களின் திறன் ரகசியமாக இருக்கலாம். செலவும் காலமும் ரகசியமாக இருக்க வேண்டியதில்லை.

பகைவரின் ரேடாரிலிருந்து பீரங்கி மறையட்டும். நாடாளுமன்றத்தின் பார்வையிலிருந்து கணக்கு மறைய வேண்டாம்.