ஆறாவது போட்டிக்குப் பின்னர்

சில வாரங்களுக்கு முன்னர் பூவரசங்குளத்திலுள்ள அக்கா வீட்டில் இரண்டு நாட்கள் தங்க நேர்ந்தது. வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் போகும்போது பம்பைமடுவைத் தாண்டி வருகின்ற ஊர் அது. பம்பைமடுவில்தான் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஆகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமாகியது. அக்காவின் மகன் அங்கே கணினி விஞ்ஞானம் படிக்கிறான். அவனுடைய மடிக்கணினி, அக்காவின் சங்கிலி அடகுக்குப் போனதால் வீட்டுக்கு வந்தது. அந்தச் சங்கிலி இன்னும் திரும்பவில்லை.

முதல்நாள் இரவு சாப்பிட அழைத்தபோது அவன் வரவில்லை. எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் போட்டி என்றான். ரஷ்யாவின் சரத்தோவ் நகரத்து மைக் மிர்சயானொவ் உருவாக்கிய கோட்போர்சஸ் என்ற தளத்தில் நடக்கும் நிரலாக்கப் போட்டி அது. மொஸ்கோவில் மாலை 5.35 ஆகும்போது நமக்கு இரவு 8.05. இரண்டு மணிநேரத்துக்குள் ஐந்தாறு கணக்குகளுக்கு நிரல் எழுதவேண்டும். உலகெங்குமிருந்து பல்லாயிரம் பேர் எழுதுகிறார்கள். முடிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு தரப்புள்ளி ஏறும் அல்லது இறங்கும்.

பத்து மணிக்குப் பின்னர் வெளியே வந்தவன் சொன்னான்: "மாமா, எனக்கு இது சரிவராது போல கிடக்கு. விட்டிடுவம் எண்டு யோசிக்கிறன்."

முதல் ஆறு போட்டிகளிலும் அவனுடைய புள்ளி ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அதன் பின்னர் நின்றுவிட்டது. கடைசி மூன்று போட்டிகளிலும் இறங்கியிருக்கிறது. தனக்கு இருந்த திறமை அவ்வளவுதான் என்று முடிவு கட்டியிருந்தான்.

நான் கலைப்பட்டதாரி. நிரல் எழுதத் தெரியாதவன். ஆனால் ஒரு தகவலை இருவேறு இடங்களில் சரிபார்க்காமல் நம்பக்கூடாது என்பது எனது தொழில் கற்றுத்தந்த பழக்கம். அந்தப் புள்ளி எவ்வாறு கணிக்கப்படுகிறது என்று தேடிப் படித்தேன். 2020 ஆம் ஆண்டுக்கு முன்னர் அங்கே புதியவர் 1500 இல் தொடங்குவார். அநேகருக்கு முதல் நாளிலிருந்தே சரிவுதான். அந்த ஆண்டு முறை மாற்றப்பட்டது. இப்போது புதியவரின் புள்ளி பூச்சியத்திலிருந்து காட்டப்படுகிறது. முதல் ஆறு போட்டிகளில் முறையே 500, 350, 250, 150, 100, 50 என மொத்தம் 1400 புள்ளிகள் மேலதிகமாகச் சேர்க்கப்படுகின்றன. ஆகவே அவன் கண்ட ஏற்றத்தின் பெரும்பகுதி முன்னேற்றமே அன்று. ஆறாவது போட்டியுடன் அந்தச் சேர்க்கை முடிந்தது. அவன் எந்த இடத்தில் நின்றான் என்பது அப்போதுதான் தெரியத் தொடங்கியது. அவன் தன் தொடக்கத்தைத் தன் முடிவு என்று நினைத்துவிட்டான்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் புள்ளிமுறை, சதுரங்கத்துக்கென ஆர்பாட் ஈலோ என்ற பேராசிரியர் வகுத்த முறையின் வழிவந்தது. அது ஒருவரின் அறிவை நேரே அளப்பதில்லை. கூட ஓடுபவர்களோடு ஒப்பிட்டு அளக்கிறது. மற்றவர்களும் நாள்தோறும் பயிற்சி செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். எல்லோரும் முன்னேறும் இடத்தில் ஒருவரின் எண் அசையாமல் நின்றாலே அவரும் முன்னேறியிருக்கிறார் என்றுதான் பொருள்.

"ஆறு மாதத்துக்கு முதல் தெரியாதது எது இப்ப தெரியும்?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு ஒரு கணக்கைச் சொன்னான். இரண்டு இலட்சம் எண்களுள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான இரண்டைக் கண்டுபிடிக்கவேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டிருக்கிறான். அது ஏறத்தாழ இரண்டாயிரம் கோடி ஒப்பீடு. கொடுக்கப்பட்ட ஓரிரு விநாடிகளில் அவனுடைய நிரலால் அதை முடிக்க முடியவில்லை. நேரம் கடந்தது என்று நிரல் திருப்பி அனுப்பப்பட்டது. இப்போது முதலில் எண்களை ஏறுவரிசைப்படுத்துகிறான். பின்னர் பக்கத்துப் பக்கத்து எண்களை மட்டும் பார்க்கிறான். சில பத்து இலட்சம் படிகளில் விடை வந்துவிடுகிறது. இதைச் சொல்லும்போது அவனுடைய குரலில் இருந்த சோர்வு போயிருந்தது. இந்த அறிவுக்கு அந்தத் தளத்தில் தனியாக ஒரு புள்ளியும் இல்லை.

நம் பிள்ளைகள் இவ்வாறு நினைப்பதற்கு நாமும் காரணம் என்றே எண்ணத் தோன்றுகிறது. பத்து வயதில் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி. உயர்தரத்தில் இசட் புள்ளி. ஒருநாள் வாங்கிய எண் ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்கும் நாட்டில் வளர்ந்த பிள்ளை, வாரந்தோறும் ஏறி இறங்கும் எண்ணையும் தீர்ப்பாகத்தான் வாசிப்பான். 'மூன்று மாதத்தில் நிரலாளர்' என்ற விளம்பரங்கள் வேறு.

மறுபுறத்தில் சாதனையாளர்களின் கதைகள். பெலருஸின் கோமல் நகரைச் சேர்ந்த கென்னடி கொரொட்கேவிச் 2006 இல், பதினொரு வயதில், சர்வதேச தகவலியல் ஒலிம்பியாட்டில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2007 முதல் 2012 வரை ஆண்டுதோறும் தங்கம். உண்மைதான். ஆனால் அவருடைய பெற்றோர் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் பணியாற்றியவர்கள். பல்கலைக்கழகம் போன பின்னரே சொந்தக் கணினியைத் தொட்ட ஒரு வன்னிப் பிள்ளை அவரைத் தன் அளவுகோலாக வைப்பது நியாயமன்று. தாழ்வாக நினைக்கவேண்டும் என்று சொல்லவில்லை. தொடங்கிய இடத்திலிருந்து தூரத்தை அளக்கவேண்டும் என்கிறேன்.

அப்படியானால் எதை எதிர்பார்க்கலாம்? இத்துறையில் பழகிய இளைஞர் சிலரிடம் கேட்டேன். முதல் மாதங்களில் ஒரு போட்டியில் ஒன்றிரண்டு கணக்குகள் முடிந்தாலே போதும் என்றார்கள். அங்கே 1200 புள்ளிக்குக் கீழுள்ளவர்களின் பெயர் சாம்பல் நிறத்தில் இருக்கும்; தாண்டினால் பச்சை. அந்த ஒரு நிறம் மாறப் பலருக்கு ஒரு வருடமும் ஆகலாம். போட்டி முடிந்த மறுநாள், முடியாமற்போன அடுத்த கணக்கை மட்டும் எடுத்து, விளங்கும்வரை இருந்து, தானே எழுதிப் பார்ப்பதுதான் வளர்ச்சி என்று எல்லோருமே சொன்னார்கள்.

எனக்கு இது புதிதாகப் படவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் எழுதிக் கொடுத்த செய்திகளைச் செய்தி ஆசிரியர் பேசாமல் குப்பைக்கூடையில் போடுவார். மாலையில் அதை எடுத்து, அச்சான செய்தியோடு வைத்துப் பார்ப்பேன். முதல் வரியில் என்ன சொல்லவேண்டும் என்று விளங்க எனக்கு ஒன்றரை வருடம் எடுத்தது. அன்று யாராவது வாரந்தோறும் எனக்குப் புள்ளி போட்டிருந்தால் மூன்றாம் மாதமே ஊருக்குப் போயிருப்பேன்.

புறப்படும் காலையில் அக்காவிடம் சொன்னேன்: "போட்டி முடிய எத்தினை புள்ளி எண்டு கேக்காதேங்கோ அக்கா. இண்டைக்கு என்ன புதுசாப் பிடிச்சனி எண்டு கேளுங்கோ."

"அவன் சொன்னா எனக்கு விளங்குமோ?"

"விளங்காட்டியும் கேளுங்கோ."

அவன் விடவில்லை என்று நேற்றுத் தொலைபேசியில் அக்கா சொன்னார். புள்ளி ஏறியதா என்று நானும் கேட்கவில்லை.