ஜிபி கணக்கு அப்புறம்; முதலில் அந்த ஃபோல்டர் யார் பேரில் இருக்கிறது?

“ஃபைல்களைப் பத்துப் பேரோட ஷேர் பண்ண எந்த கிளவுட் நல்லது?” என்று கேட்டால், முதலில் வரும் பதில் பெரும்பாலும் ஓர் எண்தான். கூகுள் டிரைவ் 15 ஜிபி இலவசம், ஒன்டிரைவ் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி. எது அதிகமோ அதுவே நல்லது என்று பேச்சு முடிந்துவிடுகிறது. சொந்தப் போட்டோக்களைச் சேர்த்து வைக்க இந்தக் கணக்கு போதும். ஆனால் ஒரு சங்கமோ குழுவோ தன் பொதுக் காகிதங்களை வைக்க இடம் தேடும்போது, இது பாதிக் கணக்குகூட இல்லை.

தென்காசி மாவட்டம் வடகரையை எடுத்துக்கொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். அடவிநயினார் அணை பக்கத்தில். மலையிலிருந்து இறங்கும் காட்டு யானைகள் தென்னையைச் சாய்ப்பதும் பயிரை மிதிப்பதும் இங்கே புதுச் செய்தி இல்லை. இப்படி ஓர் ஊரில் விவசாயிகள் குழு ஒன்று தன் காகிதங்களை ஒரே இடத்தில் வைக்க நினைத்தால் அதில் என்னென்ன இருக்கும்? சேதத்தின் போட்டோ, பட்டா, அடங்கல், பாஸ்புக் நகல், வனத்துறைக்குக் கொடுத்த மனு. கேட்ட நாளில் இவை கைக்குக் கிடைக்கவில்லை என்றால், கிடைக்க வேண்டிய நிவாரணம் தள்ளிப்போகும்.

வாட்ஸ்அப் குரூப் போதாதா?

“அதுக்குத்தான் வாட்ஸ்அப் குரூப் இருக்கே” என்பார்கள். அனுப்புவதற்கு அது போதும், வைத்துக்கொள்வதற்குப் போதாது. சாதாரணமாகப் போட்டோ அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். எப்போது, எங்கே எடுத்தது என்று படத்துக்குள் பதிந்திருக்கும் விவரமும் போய்விடும். சேதத்துக்குச் சாட்சியாக வைக்க வேண்டிய படத்தில் அந்த விவரம்தான் முக்கியம். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் படம் அப்படியே போகும். ஒரு ஃபைல் 2 ஜிபி வரை அனுப்பலாம். ஆனாலும் ஆறு மாதம் கழித்துத் தேடினால், ‘குட் மார்னிங்’ படங்களுக்கு நடுவே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். போன் மாற்றியவருக்கு அது கிடைக்காமலே போகலாம்.

ஆகவே கிளவுட் வேண்டும்தான். அங்கேதான் யாரும் கேட்காத கேள்வி வருகிறது: அந்த ஃபோல்டர் யார் பேரில் இருக்கிறது?

பையன் வெளிநாடு போனால்?

பெரும்பாலான குழுக்களில் நடப்பது இதுதான். கம்ப்யூட்டர் தெரிந்த ஓர் இளைஞர் தன் சொந்த ஜிமெயிலில் ஃபோல்டர் திறந்து எல்லோருக்கும் லிங்க் அனுப்புவார். இரண்டு வருடம் நன்றாக ஓடும். பிறகு அவருக்குத் துபாயிலோ சென்னையிலோ வேலை கிடைக்கும். பழைய நம்பர் போய்விடும், பாஸ்வேர்ட் மறந்துவிடும். இரண்டு ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. கணக்கு அழிந்தால் அதன் பேரில் இருந்த ஃபைல்களும் போகும். லிங்க் வைத்திருக்கும் பத்துப் பேரும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூகுள் டிரைவின் தனிநபர் கணக்கில், ஃபோல்டர் ஒருவருடையதாக இருந்தாலும், அதற்குள் யார் ஏற்றினாரோ அவர் பேரில்தான் அந்த ஃபைல் இருக்கும். இடமும் அவர் கணக்கில்தான் கழியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெட்டி; உள்ளே ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு சொந்தக்காரர். அந்த 15 ஜிபியும் ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். நிறைந்துவிட்டால் புது ஃபைல் ஏறாது. மெயில் வருவதும் நின்றுவிடும்.

டிராப்பாக்ஸின் கணக்கு வேறு. அங்கே பகிர்ந்த ஃபோல்டரின் அளவு, அதில் சேரும் ஒவ்வொருவர் கணக்கிலும் கழியும். 3 ஜிபி ஃபோல்டரில் 2 ஜிபி இலவசக் கணக்குக்காரரால் சேரவே முடியாது. ஆக, விளம்பரத்தில் இருக்கும் ஜிபியும் பத்துப் பேர் சேரும்போது உண்மையில் கிடைக்கும் ஜிபியும் ஒன்றல்ல.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. அமைப்புகளுக்கான கட்டணச் சேவைகளில் ஃபைல் தனி ஆள் பேரில் இல்லாமல் குழுவின் பேரிலேயே இருக்கும். கூகுளில் அது ‘ஷேர்டு டிரைவ்’, ஜோஹோ ஒர்க்டிரைவில் ‘டீம் ஃபோல்டர்’. ஆள் விலகினாலும் காகிதம் விலகாது. பணம் கட்ட வழியில்லாத சிறு குழு, குழுவின் பேரிலேயே ஒரு மெயில் கணக்கு தொடங்கி, எல்லா ஃபைலையும் அதிலிருந்தே ஏற்றலாம். பாஸ்வேர்டும் மீட்பு நம்பரும் இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும். சங்கத்தின் வங்கிக் கணக்கை ஒருவர் தன் சொந்தப் பேரில் வைத்துக்கொள்ள யாராவது சம்மதிப்பார்களா? காகிதத்துக்கும் அதே நியாயம்தான்.

நம்ம ஊர் சேவை என்றால் போதுமா?

தென்காசி பக்கத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் ஜோஹோ பெயர் வராமல் இருக்காது. 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய நிறுவனம் அது. 2011இல் தென்காசியில் அலுவலகம் திறந்தது; மத்தளம்பாறையில் இன்று உலகம் முழுக்க விற்கும் மென்பொருள் எழுதப்படுகிறது. மத்திய அரசு ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மெயில் ஜோஹோ தளத்துக்கு மாறியதும், மத்தியக் கல்வி அமைச்சகம் அதன் அலுவலகச் செயலிகளைப் பயன்படுத்தச் சொன்னதும் 2025 அக்டோபரில் செய்தியாயின.

வெளிநாட்டுச் சேவையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஆண்டில் உதாரணம் கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைக்குப் பிறகு, 2025 ஜூலையில் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நயாரா டெல்லி உயர்நீதிமன்றம் போன பிறகு சேவை திரும்பியது. பெரிய எண்ணெய் நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், உள்நாட்டுச் சேவையை விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் ஊர்ப்பாசம் ஒரு காரணம்தான், அதுவே முழுக்காரணம் ஆகாது. குழுவில் பாதிப் பேர் ஆண்ட்ராய்டு போனில் ஏற்கெனவே கூகுள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இன்னொரு செயலி, இன்னொரு பாஸ்வேர்ட் என்றால் ஒதுங்கிவிடுவார்கள். பத்தில் ஏழு பேர் திறக்காத பெட்டி, எந்த நாட்டுப் பெட்டியாக இருந்தால் என்ன? எல்லோரும் கற்றுக்கொள்ளத் தயார், குழுவின் பேரிலேயே ஃபைல் இருக்க வேண்டும் என்றால் ஒர்க்டிரைவ் நல்ல தேர்வு. சேவையை உள்ளே இருக்கும் ஏற்பாட்டைப் பார்த்து எடுக்க வேண்டும்.

லிங்க் என்பது சாவி

அடுத்தது பாதுகாப்பு. ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று வைப்பது எளிது. அதனால்தான் பலரும் அப்படி வைக்கிறார்கள். அது வாசலில் தொங்கும் சாவி. ஒருவர் இன்னொரு குரூப்புக்கு ஃபார்வர்டு செய்தால் போதும், பாஸ்புக் நகலும் ஆதாரும் யார் யார் கையிலோ இருக்கும். மனு மாதிரி, கூட்ட அறிவிப்பு போன்றவற்றுக்கு அந்த லிங்க் போதும். அடையாளக் காகிதங்களைப் பெயர் சொல்லி, மெயில் முகவரி கொடுத்துத்தான் பகிர வேண்டும். எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை ஆதார் தளத்திலேயே எடுக்கலாம். 2015இல் வந்த டிஜிலாக்கரில் அவரவர் சான்றிதழை அவரவரே வைத்துக்கொள்ளலாம். எல்லாக் காகிதமும் பொதுப்பெட்டிக்கு வந்தாக வேண்டும் என்று இல்லை.

கடையை மூடிவிட்டால்?

2012 ஜனவரியில் அமெரிக்க அரசு மெகாஅப்லோடு தளத்தை முடக்கியபோது, சட்டப்படி தங்கள் ஃபைலை வைத்திருந்தவர்களும் அதை இழந்தார்கள். 2020 மே மாதம் இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவால் வீட்ரான்ஸ்ஃபர் தளம் இங்கே முடங்கியது. ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் திண்டாடினார்கள். 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல் வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ சேவையின் 858 டெராபைட் அழிந்தது. வேறு இடத்தில் நகல் இல்லை. ஓர் அரசாங்கத்துக்கே நேர்ந்தது இது.

எந்தச் சேவையும் சாசுவதம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்த ஃபோல்டரையும் இறக்கி ஒரு பென்டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ போட்டு, இன்னொரு பொறுப்பாளர் வீட்டில் வைப்பது இதற்கு மலிவான காப்பு. முழு ஃபோல்டரையும் ஒரே தடவையில் இறக்க விடாத சேவையை எத்தனை ஜிபி கொடுத்தாலும் தொடக்கூடாது.

ஆகவே கேள்விகளை இந்த வரிசையில் கேட்பதே சரி. யாரு பேர்ல இருக்கு? யாரெல்லாம் திறக்கலாம்? எல்லார் போன்லயும் திறக்குமா? நாளைக்கே வெளியே வரணும்னா மொத்தமா எடுத்துட்டு வர முடியுமா? நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு, எத்தனை ஜிபி என்று பார்க்கலாம். மனுக்களும் ஸ்கேன் செய்த காகிதங்களும் அளவில் சிறியவை. ஒரு சிறு குழுவுக்குப் பெரும்பாலும் இலவச இடமே பல ஆண்டுகளுக்குப் போதும்.