பெட்டியில எச்சரிக்கை... கையில ஒத்தை சிகரெட்!



கோவையில எந்த பேக்கரி வாசல்ல வேணும்னாலும் நின்னு பாருங்க. "அண்ணா, ஒரு டீ, ஒரு லைட்ஸ்" என்று ஒரு தம்பி கேட்பார். ஏன் லைட்ஸ் என்றால், "அது அவ்வளவா ஒண்ணும் பண்ணாதுங்க" என்று பதில் வரும். காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட், சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனி வாசல், திருப்பூர் பனியன் கம்பெனி பக்கம்... எங்கே கேட்டாலும் இதே பதில்தான்.

இந்த நம்பிக்கையை அந்தத் தம்பிக்குக் கொடுத்தது டாக்டர் இல்லை. பெட்டியின் நிறம்!

சிவப்புப் பெட்டி என்றால் காட்டம். நீலம், வெள்ளை என்றால் லேசு. பச்சை என்றால் குளிர்ச்சி. யாரும் பாடம் நடத்தவில்லை, ஆனாலும் எல்லார் மனசிலும் இது பதிந்திருக்கிறது.

சரி, லைட் சிகரெட் உண்மையிலேயே லேசா? ஃபில்டரைச் சுற்றி கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். பல காலமாகப் புகையை அளந்த மெஷின் நிமிடத்துக்கு ஒரு முறை, 2 விநாடி, 35 மில்லி மட்டும் இழுக்கும். ஓட்டை வழியா வெளிக்காற்று கலந்து, தார் குறைவு என்று கணக்கு காட்டும். ஆனா மனுஷன் மெஷின் இல்லீங்களே! விரலும் உதடும் அந்த ஓட்டையை மூடும். நிகோடின் பத்தலைன்னா உடம்பு இன்னும் ஆழமா இழுக்கச் சொல்லும். கடைசியில் நுரையீரலுக்குப் போவது அதே விஷம்தான். கேப்ஸ்யூலை நசுக்கி இழுக்கும் மெந்தால் வகையும் அப்படியே. தொண்டை எரிச்சலை மறைக்கும், தாரைக் குறைக்காது.

இது தெரிந்தே செய்த ஏமாற்று என்று 2006-ல் அமெரிக்க ஃபெடரல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பே எழுதிவிட்டார். 2010-ல் அங்கே 'லைட்', 'மைல்ட்' என்ற சொற்களுக்குத் தடை வந்தது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 'மார்ல்போரோ லைட்ஸ்' உடனே 'மார்ல்போரோ கோல்ட்' ஆனது. சொல் போச்சு, நிறம் தங்கிடுச்சு!

பெட்டியால் பொய் சொல்ல முடியும் என்றால், அதே பெட்டியால் உண்மையும் சொல்ல முடியும். நம் நாட்டுக் கணக்கே அதற்குச் சாட்சி. எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிடலாம் என்று யோசித்த சிகரெட் பிடிப்பவர்கள் 2009-10 தேசிய புகையிலை சர்வேயில் 38 சதவீதம். 2016-17 சர்வேயில் 61.9 சதவீதம்! இடையில் 2016 ஏப்ரல் 1 முதல் பெட்டியின் இரண்டு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் கட்டாயமானது.

அதுவும் சும்மா வரவில்லை. 2015 ஏப்ரலிலேயே வர வேண்டிய விதி அது. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு காட்டும் இந்திய ஆய்வே இல்லை என்றார் நாடாளுமன்றக் குழுத் தலைவர் திலீப் காந்தி. பீடித் தொழிலதிபரான ஒரு எம்.பி.யும் அதே குழுவில் உறுப்பினர்! ஒரு வருஷம் தள்ளிப்போனது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்ட பிறகுதான் படம் தப்பித்தது.

இவ்வளவு போராடிக் காப்பாற்றிய படம் நம்ம பேக்கரி வாசலில் என்ன ஆகிறது? பெட்டி கடைக்காரர் கையில். ஒத்தை சிகரெட் தம்பி கையில். படம் அவர் கண்ணில் படுவதே இல்லை. 2018 செப்டம்பர் முதல் பெட்டியில் அச்சாகும் இலவச உதவி எண்ணும் அவருக்குத் தெரிவதில்லை. முதன்முதலா இழுத்துப் பார்க்கும் காலேஜ் பையன் முழுப் பெட்டியா வாங்குவான்? யாருக்கு எச்சரிக்கை ரொம்ப அவசியமோ, அவருக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

மகாராஷ்டிரா 2020 செப்டம்பரில் சில்லறை சிகரெட் விற்பனைக்குத் தடை போட்டது. "அப்போ எங்க பொழப்பு?" என்று பெட்டிக்கடை அண்ணன் கேட்பது நியாயம்தான். முதல் அடி அவர் மேல் விழக் கூடாது. அதற்கும் வழி இருக்கிறது. கனடா 2023-ல் கொண்டுவந்த விதிப்படி, ஒவ்வொரு சிகரெட்டிலும் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும். செலவும் பொறுப்பும் கம்பெனிக்கு, கடைக்காரருக்கு இல்லை. ஆஸ்திரேலியா 2012 டிசம்பரிலேயே எல்லா பிராண்டுக்கும் ஒரே மங்கிய நிறப் பெட்டி என்று ஆக்கிவிட்டது. நீலமும் இல்லை, தங்கமும் இல்லை!

ஒன்றிய சுகாதாரத் துறையிடம் நாம் கேட்பது இரண்டே இரண்டுதான்:

👉 ஒவ்வொரு சிகரெட்டிலும் தமிழ் உள்ளிட்ட அந்தந்த மாநில மொழியில் எச்சரிக்கை.

👉 எல்லா பிராண்டுக்கும் ஒரே நிறப் பெட்டி.

கேட்பதோடு நிறுத்திவிட முடியாது. பூத் வேலைக்கும் கூட்டத்துக்கும் வரும் பசங்களுக்கு டீ, வடை வாங்கிக் கொடுங்க. சிகரெட் வேண்டாம். பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003-லேயே வந்த சட்டம். உங்க வார்டில் மீறல் இருந்தால் மனு எழுதி அதிகாரிகளிடம் கொடுங்க, கடைக்காரரிடம் சண்டை வேண்டாம்.

விட நினைக்கும் அண்ணன் தம்பிகளே, பெட்டியில் இருக்கும் அந்த எண் இதுதான்: 1800-11-2356. கட்டணம் இல்லை. ஒத்தையா வாங்கும் நண்பர் ஒருத்தருக்காவது இதை இன்னைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்க.

லைட் என்று ஒரு சிகரெட் கிடையாது. லைட்டா புற்றுநோயும் வராது!

— தகவல் தொழில்நுட்ப அணி, கோவை

#ஒவ்வொரு_சிகரெட்டிலும்_எச்சரிக்கை #ஒரே_நிறப்_பெட்டி #கோவை