புத்தகத்தில் இல்லாத என்ஜின்

ரேஸ்கோர்ஸில் காலை நடை முடிந்ததும் நாங்கள் ஐந்தாறு பேர் உட்காரும் பெஞ்சு ஒன்று உண்டு. போன வாரம் அதில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு சின்னக் கார் படபடவென்று வெடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்தப் பசங்க வண்டியெல்லாம் புடிச்சு ரோடு ரோலர் உட்டு நசுக்கோணுங்க. மாத்தறதுக்கு இவனுங்க என்ன டாட்டாவா, மாருதியா?" என்றார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நான் மட்டும் ஷூ லேஸைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

குனிந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று என் பேரன் வைத்திருக்கும் கார். இன்னொன்று நாற்பது வருடங்களுக்கு முன் நான் வைத்திருந்த கார். இரண்டாவதைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டதால், இனி பென்ஷனில் கை வைக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் பேரன் கதை. மகள் வயிற்றுப் பேரன். வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டிக்குத் தினமும் வேலைக்குப் போகிறவன். பழைய டியாகோ ஜேடிபி ஒன்றை வாங்கியிருக்கிறான். இந்த வண்டியின் பிறப்பு நம் ஊரோடு சம்பந்தப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாட்டா மோட்டார்ஸும் பாதிக்குப் பாதி கூட்டுச் சேர்ந்து செய்தது. 2018 அக்டோபரில் வெளிவந்தது. சாதாரண பெட்ரோல் டியாகோவுக்கு 85 குதிரைத்திறன். இதற்கு டர்போ வைத்து 114. கியர்களின் விகிதத்தைக் குறுக்கி, டயரை அகலமாக்கி, ஸ்பிரிங்கை இறுக்கி, உயரத்தை வெறும் நாலு மில்லிமீட்டர் குறைத்தார்கள். ஷோரூம் விலை 6.39 லட்சம். ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே கோடீஸ்வரர் வீட்டுச் சமாச்சாரம் என்றிருந்த நாட்டில் இது பெரிய காரியம். இரண்டு வருடம்கூட ஓடவில்லை. 2020 ஏப்ரலில் புகை விதி பிஎஸ் 6 ஆக மாறியபோது, இதை அதற்கேற்பத் திருத்தாமலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் தரையில் படுத்துத்தான் ஏறவேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. என் முழங்காலுக்கு எந்தச் சிரமமும் இல்லை. உழவர் சந்தைக்கு அதில்தான் போகிறோம். பின்னால் நான்கு பை காய்கறி வைக்கலாம். கண் ஆஸ்பத்திரிக்கும் அதில்தான். வேகத்தடையில் மட்டும் முதுகுக்குத் தகவல் வரும். ஊருக்குள் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தருகிறது என்று பேரன் சொல்கிறான். மாப்பிள்ளை பத்து என்கிறார். மாப்பிள்ளைக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது, அதனால் நடுவில் பதினொன்று என்று வைத்துக்கொள்கிறேன்.

கம்பெனியே மாற்றிக் கொடுத்த வண்டியை மேலும் மாற்றவேண்டும் என்பதுதான் பையனின் இப்போதைய ஆசை. "அப்புச்சி, கம்ப்யூட்டர்ல ரீமேப் பண்ணுனா நூத்தி நாப்பது வரைக்கும் போகுங்கறாங்க. சைலன்சரும் மாத்திட்டா இன்னும் நல்லாருக்கும்" என்றான். (புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்த என்னை 'அப்புச்சி' ஆக்கியது பொள்ளாச்சிப் பெண்ணைக் கட்டிய பலன்.)

அவனைக் கண்டிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

நான் ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவன். 1982இல், புதுச்சேரி வீட்டில் என் பங்காக வந்த பணத்தில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினேன். ஆபீசுக்கு முறைப்படி எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினேன். இருந்தாலும் கிளார்க் கார் வைத்திருந்தால், அதுவும் அந்த ஆபீசில் இருந்துகொண்டு, ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும். டைப்பிஸ்ட் முதல் பியூன் வரை என் காரைப் பார்த்த பார்வை இன்றும் முதுகில் இருக்கிறது.

ஆனால் அந்த ஹெரால்டு அழகி. மிக்கெலோத்தி என்ற இத்தாலியர் வரைந்த உருவம். மெட்ராஸில் செய்தது, இரண்டே கதவு, முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். இதே சேஸியைக் கொஞ்சம் குறுக்கித்தான் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். எனவே நானும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அக்காவை ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கிறுக்கு பள்ளிக்கூடத்திலேயே பிடித்தது. வகுப்பில் சுற்றிவந்த பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அமெதே கோர்தினி என்பவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். மந்திரவாதி என்று அவருக்குப் பட்டப்பெயர். ரெனோ கம்பெனியின் சாதாரண குடும்பக் காரை எடுத்து, தலையை மாற்றி, கார்புரேட்டரை மாற்றி, சம்பளக்காரன் வாங்கக்கூடிய பந்தயக் காராக்கிவிடுவார். 1964இல் வந்த ரெனோ 8 கோர்தினி, நீல நிறத்தில் வெள்ளைக் கோடுகளுடன், எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய நோட்டு அட்டைக்குள் இருந்தது. அந்த வண்டியின் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருந்தது என்பதையும் படித்தேன். படித்து மறந்தேன்.

1984இல் ஹெரால்டின் 948 சிசி என்ஜின் கை விரித்துவிட்டது. பாகங்கள் கிடைக்கவில்லை. கணபதியில் ஒரு மேஸ்திரி, "சார், டாக்சியில இருந்து கழட்டுன ஃபியட் என்ஜின் ஒண்ணு கெடக்குதுங்க. லேத்துல ஒரு பிளேட்டு கடைஞ்சு உக்கார வெச்சர்லாங்க" என்றார். மூன்று வாரத்தில் உட்கார வைத்தும்விட்டார். 1089 சிசி. அவிநாசி ரோட்டில் முதல் நாள் மிதித்தபோது நான் கோர்தினியாகிவிட்டேன்.

என்ஜின் எண் மாறினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். தினமும் அந்தக் கோப்புகளைப் பார்த்தவன் நான். பெட்ரோல் அம்பாசிடருக்கு டீசல் என்ஜின் மாற்றியவர்களின் விண்ணப்பங்கள் அந்தக் காலத்தில் வந்துகொண்டே இருக்கும். ரசீது இல்லை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! ஆனால் என் வண்டிக்கு நான் விண்ணப்பம் போடவில்லை. போட்டால் 'இவன் கார்' என்ற பேச்சு மறுபடி கிளம்பும் என்ற பயம். வெட்கமும்தான். புத்தகத்தில் ஓர் எண், பானெட்டுக்குள் வேறு எண். இப்படியே ஓட்டினேன்.

1986 மே மாதம் கோத்தகிரி போய்விட்டு இறங்கினோம். மனைவி முன் சீட்டில், ஆறு வயது மகள் அவள் மடியில். பெல்ட் எல்லாம் அப்போது யார் போட்டார்கள்? புது என்ஜின் கொடுத்த வேகத்தில் இறங்கி, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்தி அழுத்தி வந்தேன். பிரேக் மட்டும் பழைய டிரம் பிரேக், பழைய லைனிங். மேட்டுப்பாளையத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில் பெடல் சாணியில் மிதித்தது போலப் போயிற்று. ரப்பர் கருகிய வாடை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டாம் கியருக்குத் தள்ளி, இடதுபக்கக் கல் சுவரில் உரசவிட்டு நிறுத்தினேன். மகளின் தாடை டேஷ்போர்டில் அடித்து நான்கு தையல். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. எதிரே பஸ் வந்திருந்தால் எழுத நான் இருக்கமாட்டேன், படிக்கக் காட்டப் பேரனும் இருக்கமாட்டான்.

அன்று முதல் என்னை அரிக்கும் விஷயம் இதுதான். நான் விண்ணப்பம் போட்டிருந்தால், மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் வண்டியைப் பார்த்திருப்பார். அனுபவமுள்ள எந்த ஆய்வாளரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ஜின் மாத்தினியே, பிரேக் என்ன பண்ணினே?" என்பதாகத்தான் இருந்திருக்கும். நான் வெறும் காகிதம் என்று நினைத்து ஏய்த்தது என் குழந்தையைக் காப்பாற்றியிருக்கக் கூடியதை.

இப்போது என் பேரன் ஒழுங்காக விண்ணப்பம் போட நினைத்தாலும் முடியாது. ஏன் என்று சொல்கிறேன். பழைய சட்டத்திலும், 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு முதலில் எழுதப்பட்டபோதும், விஷயம் எளிது: வண்டியை மாற்றினால் பதிவு அதிகாரிக்குச் சொல், புத்தகத்தில் ஏற்று. வண்டியும் புத்தகமும் ஒத்துப்போக வேண்டும். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வண்டி கம்பெனி குறிப்பிட்டதோடு ஒத்துப்போக வேண்டும் என்றாகிவிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தச் சட்டம் மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. கேஸுக்கு மாற்றலாம், பேட்டரிக்கு மாற்றலாம், மாற்றுத்திறனாளிக்காகத் திருத்தலாம். அதற்கெல்லாம் வழி உண்டு. நல்ல பிரேக்கும் நல்ல சஸ்பென்ஷனும் போட்டுக்கொண்டு வந்து, "பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கும் ஒரு பையனுக்குக் கவுண்டர் இல்லை.

கவுண்டரை மூடினால் மாற்றுவது நின்றுவிட்டதா? எங்கள் பெஞ்சைக் கடந்துபோன அந்த வெடிச்சத்தமே பதில். எல்லாப் பையன்களும் இன்று 1984இல் நான் இருந்த நிலையில் இருக்கிறார்கள். விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் வந்து பார்க்கும் நாளில்தான் உண்மை வெளியே வரும்.

எங்கள் பெஞ்சு நண்பர்கள் சொல்வது போல 'கம்பெனி கொடுத்ததை அப்படியே ஓட்டு' என்பது கொங்கு நாட்டுக்கே பொருந்தாத பேச்சு. வெறும் சேஸி வாங்கி வந்து முழு பஸ்ஸும் கட்டித் தருகிறவர்கள் கரூர்க்காரர்கள். லாரி மேல் போர்வெல் எந்திரத்தை ஏற்றி நாடு முழுக்க அனுப்புகிறது திருச்செங்கோடு. நம் ஊர் கரிவர்தன், மில் குடும்பத்தில் பிறந்தவர், மாருதி 800இன் 796 சிசி என்ஜினை எடுத்து ஒற்றை ஆள் பந்தயக் கார் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நம் ஊர்ப் பையன்தான் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன். பட்டறைச் சாமர்த்தியத்தைக் கொண்டாடிவிட்டு, அதையே தெருவில் கண்டால் குற்றம் என்பது என்ன நியாயம்?

ஆனால் பையன்கள் பக்கமும் முழுசாகப் பேசமாட்டேன். சைலன்சரைக் கழற்றுவது மாற்றமே அல்ல. அது அடுத்தவன் தூக்கத்தைத் திருடுவது. அதற்கு அபராதம் போடட்டும், சைலன்சரை நசுக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் கேட்பது சத்தத்தையும் சாமர்த்தியத்தையும் பிரித்துப் பார்க்கும் ஓர் ஏற்பாடு.

அது வெளிநாட்டுக் கனவு இல்லை. பிரான்சில் காரின் முக்கிய அம்சத்தை மாற்றினால் அரசு அலுவலகம் தனி வண்டியாகப் பரிசோதித்து, 'கார்த் கிரீஸ்' என்ற அவர்கள் ஆர்.சி.யில் ஏற்றித் தரும். ஜெர்மனியிலும் இப்படியே. அவ்வளவு தூரம் போவானேன்? கரிவர்தன் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே கட்டிய கார்களோடு நாடெங்கிலுமிருந்து வருவார்கள். ஓட்டப் பார்க்க விடுவதற்கு முன் பிரேக் சோதனை: ஓடிவந்து மிதித்தால் நான்கு சக்கரமும் ஒருசேர நிற்கவேண்டும். நிற்காவிட்டால் பாதைக்குள் அனுமதி இல்லை. சத்தத்துக்கும் கருவி வைத்து அளவு உண்டு. இருபது வயதுப் பிள்ளைகளுக்குச் செட்டிபாளையத்தில் செய்ய முடிகிற சோதனையை, நம் ஆர்.டி.ஓ. மைதானத்தில் செய்ய முடியாதா? கட்டணம் வாங்கட்டும். கல்லூரிகளில் இருந்து நிபுணர்களைக் கூப்பிடட்டும். தேறினால் புத்தகத்தில் ஏற்றட்டும், தேறாவிட்டால் கழற்றச் சொல்லட்டும். கூடுதலாக நாலு கோப்பு வரும், அவ்வளவுதானே. கோப்பு கட்டிப் பழகியவன் சொல்கிறேன், ஒரு உதவியாளரும் அதனால் செத்துப்போகமாட்டார்.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னபோது என் மகளும் இருந்தாள். ஒன்றும் பேசாமல் தாடையைத் தொட்டுக் காட்டினாள். விழுந்ததில் வந்த காயம் என்றுதான் அவன் அதுவரை நினைத்திருந்தான். போன மாதம் நாலு புது டயரும் நல்ல பிரேக் பேடும் போட்டான். சைலன்சர் பேச்சை எடுப்பதில்லை. ரீமேப் ஆசை போகவில்லை என்பது அவன் போன் பார்க்கும் விதத்திலேயே தெரிகிறது.

"அந்த ஹெரால்டு என்னாச்சு அப்புச்சி?" என்று கேட்டான். 1989இல் தாராபுரம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு விற்றேன். என்ஜின் வேறு என்று வாயால் சொன்னேன். எழுதிக் கொடுக்கவில்லை.